ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பி வராத விளையாட்டு

நான் கெரம்காரன். மாமரக் கொப்பில் இருந்து ஒரு பல்பைத் தாழத் தொங்கவிட்டு, போர்டில் பவுடர் தூவி, இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா நாலு தரம் கூப்பிட்ட பிறகும் எழும்பாமல் அடித்து வளர்ந்த ஆள். அதனால் மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி ஒரு கடையின் மேல்மாடியில் பூல் மேசை இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பயமே வரவில்லை. கோணம் தெரியும், பொக்கெட் தெரியும், கை நடுங்காது, வேறென்ன வேண்டும்?

முதல் கிழமை ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதும் தோற்றேன். பந்தைப் போடுவதில் நான் மோசமில்லை என்பதுதான் இதில் கடுப்பான விசயம். சில அடிகளுக்குப் பக்கத்தில் நின்ற பொடியன்கள் கைகூடத் தட்டினார்கள். தூரத்தில் கிடக்கிற ஒன்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கியூக் கோலால் நாம் அடிக்கிற வெள்ளைப் பந்து எதிராளியின் இரண்டு பந்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு நிற்கும், அல்லது பக்கப் பலகையோடு ஒட்டிக்கொண்டு கியூ வைக்கவே இடம் தராது. ஒரு அடி, கைதட்டல், பிறகு கதிரை. இதுதான் என் ஆட்டம்.

அந்த மாடிக்கு ஒரு மாமா வருவார். தூரத்து உறவு, மாமா முறை. கட்டாரில் பத்து வருசத்துக்கு மேல் வேலை செய்தவர், அங்கே முகாமில் இருந்த மேசையில் பழகினவர், இப்போது ஓட்டோ ஓட்டுகிறார். என் ஒன்பதாவது தோல்வியைப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்: "கெரமில ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு தரமும் உன்ட கைக்குத் திரும்பி வரும், மனே. இஞ்ச வராது. எங்க நிண்டுதோ அங்க இருந்துதான் மறுகா அடிக்கணும்."

கேட்டால் சின்ன விசயம். ஆனால் இருபது வருசக் கெரம் என் தலைக்குள் போட்டு வைத்திருந்த ஒரு பழக்கம் அந்த நிமிசம்தான் எனக்கே தெரிந்தது. கெரமில் காய் விழுந்ததும் ஸ்ட்ரைக்கர் எங்கே கிடந்தாலும் கவலையில்லை, எடுத்துக் கோட்டில் வைத்து வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். அதனால் என் கண் எப்போதும் காயோடுதான் போகும். இங்கே ஒவ்வொரு அடியிலும் இரண்டு பந்து நகர்கிறது, நான் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து எழுதத் தொடங்கினேன். அப்போது தை மாதம், மழை முழுதாக விட்டிருக்கவில்லை. கீழே இருப்பது அந்தக் கொப்பியில் இருந்து எடுத்ததுதான். ஆறு மாதத்துக் கதை, உருப்படாத பக்கங்களை விட்டுவிட்டேன்.

மாமா கொடுத்த முதல் வேலை வெள்ளைப் பந்தை நிற்பாட்டுவது. நேர் கோட்டில் ஒரு பந்தை அடித்தால், வெள்ளை அதைத் தொட்ட இடத்திலேயே செத்துப்போய் நிற்க வேண்டும். தொடுகிற கணத்தில் வெள்ளைக்கு முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சி இல்லாமல், சும்மா வழுக்கிக்கொண்டு போய் மோதினால் அதன் வேகமெல்லாம் மற்றப் பந்துக்குப் போய்விடும், இது நிற்கும். ஒரு சாண் தூரத்தில் வைத்து நடுவில் அடித்தேன். நிற்கவில்லை. நாலு விரற்கடை முன்னுக்குப் போய் நின்றது. பத்துத் தரம் அடித்தேன், பத்துத் தரமும் அதே நாலு விரற்கடை. கொஞ்சம் கீழே அடித்துப் பார், இன்னும் கீழே, இன்னும் கொஞ்சம் பலமாக என்று மாமா சொல்லச் சொல்ல அடித்து, கடைசியில் கியூ வழுக்கி வெள்ளை துள்ளி மேசையை விட்டுப் பாய்ந்து வாசற்படியால் கீழ்க்கடைக்குள் உருண்டு போனது. கீழே அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பந்தைத் தேடி எடுத்துக்கொண்டு வரும்போதுதான் கை ஒரு சந்தேகம் சொன்னது. இது கொஞ்சம் பாரமாக இருக்கிறதே. அடுத்த நாள் முதலாளியிடம் கேட்டு வெள்ளையையும் நாலு நிறப் பந்துகளையும் ஒரு பையில் போட்டு, நகைக்கடையில் வேலை செய்கிற என் சிநேகிதனிடம் கொண்டுபோனேன். தங்கம் நிறுக்கிற தராசில் பூல் பந்து வைத்த முதல் ஆள் மட்டக்களப்பில் நானாகத்தான் இருக்கும். நிறப் பந்துகள் 164 முதல் 167 கிராம். வெள்ளை 185.

பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீற்றர், எடை 156 முதல் 170 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. காசு போட்டு ஆடுகிற மேசைகளில் வெள்ளை குழிக்குள் விழுந்தால் அதை மட்டும் பிரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதால், அதைக் கொஞ்சம் பெரிதாகவோ பாரமாகவோ, உள்ளே காந்தம் பிடிக்கிற மாதிரியோ செய்வார்கள். அப்படி ஏதோ ஒரு மேசையின் பந்து சுற்றிச் சுழன்று இங்கே வந்து சேர்ந்திருக்கிறது போல. பாரமான பந்து இலேசான பந்தை நேராக மோதினால் தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு நிற்காது, மிச்சத்தோடு முன்னுக்கு ஊரும். என் நாலு விரற்கடை அங்கிருந்து வந்தது. கையில்தான் பிழை என்று ஒரு கிழமை என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

புதுப் பந்து கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும், பிறகு பார்ப்போம் என்றார் முதலாளி. சரி, அதுவரைக்கும்? மாமா கோடு போட்ட பந்தொன்றை எடுத்து வைத்தார். இதுவே உனக்கு வெள்ளை. மற்றப் பந்துகளின் எடைதான் இதற்கும், அதோடு ஒரு இலாபமும் இருந்தது. கோட்டைக் கிடையாக வைத்தால் அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கிட்டத்தட்ட, கியூ வழுக்காமல் அடிக்கக்கூடிய எல்லையைக் காட்டும். அந்த எல்லை நடுவில் இருந்து ஆரையின் பாதி, சுமார் 14 மில்லிமீற்றர். அதைத் தாண்டினால் கியூ நுனியில் எவ்வளவு சோக் பூசினாலும் வழுக்கும். அடித்த பிறகு பந்தில் சோக்கின் நீலப் புள்ளி ஒட்டியிருக்கும், அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நான் அடிக்க நினைத்த இடமும் அடித்த இடமும் எவ்வளவு தூரம் என்று தெரியும். நடுவில் அடிக்கிறேன் என்று நம்பிக்கொண்டு வலப்பக்கமாக ஒரு நகத்தின் அகலம் தள்ளி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு பயிற்சியாளரும் தேவைப்படவில்லை, நீலப் புள்ளி போதுமாக இருந்தது.

கியூவின் நுனித் தோலையும் அப்போதுதான் பார்த்தேன். தட்டையாகி, கண்ணாடி மாதிரிப் பளபளத்துக் கிடந்தது. சாண்ட் பேப்பரால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, ஒரு ரூபாக் குற்றியின் விளிம்பு அளவுக்கு உருண்டையாக்கி, மேற்பரப்பைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கினேன். அரை மணித்தியால வேலை. சோக் அதற்குப் பிறகுதான் பிடித்தது. தோலை அதிகம் தேய்க்க வேண்டாம், சீக்கிரம் முடிந்துபோகும்.

மாசி முழுவதும் நிற்பாட்டுவது மட்டும்தான். ஒரு சாணில் நடுவில் அடித்தால் நிற்கிறது. மூன்று அடி தூரத்தில் அதே நடுவில் அடித்தால் நிற்காமல் மற்றப் பந்தைத் தொடர்ந்து முன்னுக்குப் போகிறது. காரணம் துணி. வழுக்கிக்கொண்டு போகிற பந்தைத் துணி உரசி உரசிக் கொஞ்சத் தூரத்துக்குள் உருளப் பண்ணிவிடும், உருண்டுகொண்டு மோதுகிற பந்து மோதின பிறகும் முன்னுக்குத்தான் போகும். அதனால் தூரம் கூடக் கூடக் கீழே அடிக்க வேண்டும், பின்சுழலோடு புறப்பட்டு, வழியில் அந்தச் சுழல் தேய்ந்து தேய்ந்து, மோதுகிற இடத்தில் சரியாகப் பூச்சியமாக வேண்டும். இல்லையென்றால் பலமாக அடிக்க வேண்டும், துணிக்கு உரச நேரம் கொடுக்காமல். ஒரு சாண், இரண்டு அடி, மூன்று அடி, நாலு அடி என்று நாலு இடம். ஒவ்வொன்றிலும் பத்து. முதல் நாள் கொப்பியில் 8, 5, 2, 0. மாசி கடைசியில் 10, 9, 7, 4. நாலடியில் இன்றைக்கும் ஏழைத் தாண்டவில்லை.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. சூறாவளி ஏன் சுழல்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது கோரியோலிஸ் என்று ஒரு பெயர் வரும். 1978 நவம்பர் 23 எங்கள் ஊருக்கு என்ன செய்தது என்று அப்பாவும் பெரியம்மாவும் சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர் மறக்கவேயில்லை. அதே மனிசன் 1835 இல் பில்லியர்ட்ஸ் பந்துகள் எப்படிச் சுழல்கின்றன, மோதுகின்றன என்று கணக்குப் போட்டு ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார் என்று இந்தக் கொப்பி எழுதும் காலத்தில்தான் தெரிய வந்தது. மாமாவிடம் சொன்னேன். "அவரும் வெள்ளையைக் குழிக்குள்ள விட்டிருப்பார்" என்றார்.

நேராக இல்லாமல் வெட்டி அடிக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் எழுத்தே உதவி செய்தது. சுழற்சி இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் மோதினால், நிறப் பந்து ஒரு பக்கம், வெள்ளை அதற்குச் செங்குத்தாக மற்றப் பக்கம். அப்படியே "ட". நிறப் பந்து போகிற கோடு தெரிந்தால் வெள்ளை போகிற கோடும் தெரியும். தச்சு வேலை செய்கிற சித்தப்பாவிடம் மூலைமட்டம் இரவல் வாங்கி மேசையில் வைத்துப் பார்த்தேன், முதலாளி சிரித்தார், ஆனால் சரியாகவே இருந்தது. மேலே அடித்தால் வெள்ளை அந்தச் செங்குத்துக் கோட்டில் தொடங்கி முன்பக்கம் வளையும், கீழே அடித்தால் பின்பக்கம் வளையும். அவ்வளவுதான் வெள்ளைப் பந்தின் இலக்கணம், மிச்சமெல்லாம் அளவு.

இன்னொன்று, மெதுவாக உருட்டி அடிக்கும்போது "ட" பொருந்தாது. இயல்பாக உருண்டுகொண்டு வருகிற வெள்ளை, நிறப் பந்தின் பாதியை மறைக்கிற அளவில் மோதினால், தான் வந்த திசையில் இருந்து முப்பது பாகைக்குக் கொஞ்சம் கூடத் திரும்பிப் போகும். கால்வாசியில் இருந்து முக்கால்வாசி மறைப்பு வரைக்கும் இது பெரிதாக மாறாது என்பதுதான் அதிசயம். வெற்றி என்று காட்டுகிற மாதிரி இரண்டு விரலை விரித்தால் கிட்டத்தட்ட அந்தக் கோணம். பெரும்பாலான அடிகள் உருட்டல் அடிகள்தான் என்பதால் எனக்கு மூலைமட்டத்தை விட இந்த இரண்டு விரல்தான் கூடப் பயன்படுகிறது.

பங்குனியில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பழகுவதற்குப் பந்துகளை ஒரே இடத்தில் வைக்க வேண்டும், அதற்கு அடையாளம் வேண்டும் என்று தங்கச்சியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய்த் துணியில் ஏழெட்டு ஒட்டினேன். பயிற்சி அருமையாகப் போனது. கழற்றும்போது இரண்டு பொட்டின் பசை துணியோடு நின்றுவிட்டது, அந்த வழியால் போகிற பந்தெல்லாம் ஒரு கணம் தயங்கிப் போனது. முதலாளி ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. வீட்டில் பொட்டு அட்டை காணாமல் போன விசாரணை வேறு. இப்போது சோக்கை நுனியில் இலேசாகத் தொட்டு ஒரு சின்னப் புள்ளி, முடிந்ததும் தூரிகையால் தட்டிவிடுவேன்.

சைட் அடிக்க எனக்குத் தடை. மூன்று மாதம். பக்கத்தில் அடித்தால் வெள்ளை பலகையில் பட்டுத் திரும்பும்போது கோணம் மாறும், பார்க்க அழகாக இருக்கும், பொடியன்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பழகுகிறார்கள். ஆனால் வலப்பக்கம் அடித்தால் வெள்ளை குறிவைத்த கோட்டை விட்டுக் கொஞ்சம் இடப்பக்கமாகப் புறப்படும், போகப் போகச் சில நேரம் வளைந்து திரும்பியும் வரும். அதையெல்லாம் சேர்த்துக் குறிபார்க்கிற நிலைமையில் நான் இருக்கவில்லை. இதில் மாமா சொன்னது சரியென்று இப்போது தெரிகிறது, அப்போது மனத்துக்குள் திட்டினேன்.

சித்திரையில்தான் இடம் பிடிக்கிற வேலைக்கு வந்தோம். ஏ4 தாள் ஒன்றை மேசையில் போட்டு, இந்தப் பந்தைப் போட்டுவிட்டு வெள்ளை அந்தத் தாளில் வந்து நிற்க வேண்டும் என்றார். வந்தால் தாளைப் பாதியாக மடி. வராவிட்டால் விரி. என் தாள் பல நாள் மடியவேயில்லை. திசை சரியாக வந்தது, பலம்தான் வரவில்லை, எப்போதும் கூட. கெரம்காரனின் சுண்டுவிசை தோளுக்கு ஏறிவிட்டது போல. அதற்கு மருந்தாக, பந்தே இல்லாமல் வெள்ளையை மட்டும் அடித்து எதிர்ப் பலகையில் பட்டு இந்தப் பக்கப் பலகைக்கு ஒரு சாண் முன்னால் நிற்பாட்டுவது, ஒரு நீளம், ஒன்றரை, இரண்டு, மூன்று என்று. சலிப்பான பயிற்சி. ஆனால் என் ஆட்டத்தை மாற்றியது எது என்று கேட்டால் ஸ்க்ரூவோ (கீழே அடித்து வெள்ளையைப் பின்னுக்கு இழுக்கிற அடி) சைட்டோ இல்லை, இதுதான்.

கெரமில் இருந்து கொண்டுவந்த இன்னொரு பிழையும் இங்கேதான் வெளியே வந்தது. அடுத்த பந்துக்கு வெள்ளை நேருக்கு நேராக நின்றுவிட்டால் சந்தோசப்படுவேன், போடுவது சுலபம்தானே. மாமா தலையில் கைவைப்பார். நேராக நின்றால் வெள்ளை அந்தக் கோட்டில் முன்னுக்கோ பின்னுக்கோ மட்டும்தான் போகும், அங்கே இருந்து மூன்றாவது பந்துக்கு எப்படிப் போவாய்? கொஞ்சம் கோணம் விட்டு நின்றால் வெள்ளை தானாகவே விலகிப் போகும், பலகையில் பட்டு மேசையின் நடுவுக்கு வரும். அந்தக் கோணமும் சரியான பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டால் வெள்ளை அடுத்த பந்தை நோக்கிப் போகும், மற்றப் பக்கம் விட்டால் அதற்கு எதிராக ஓடும். ஒரு கை அகல வித்தியாசம்தான், ஒன்று இலேசான உருட்டல், மற்றது மூன்று பலகை சுற்றுப்பயணம்.

அடுத்த பந்தைப் போடக்கூடிய இடம் மேசையில் ஒரு விசிறி மாதிரி இருக்கும், பந்துக்குக் கிட்ட ஒடுக்கம், தள்ளிப்போகப் போக அகலம். அந்த விசிறிக்குள் குறுக்கே நுழைந்தால் சரியான பலம் ஒன்றே ஒன்றுதான், கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே. நீளவாக்கில் நுழைந்தால் பலம் பிசகினாலும் உள்ளேதான் நிற்கும். இதைப் புரிய எனக்கு ஒரு கிழமை எடுத்தது, கடைசியில் வீட்டுக்குப் போகும் வழியில் கல்லடிப் பாலத்தில் வைத்துத்தான் விளங்கியது. பாலத்தின் மேலே நடந்து போகிறவன் எங்கே நின்றாலும் பாலத்தில்தான் நிற்கிறான். வாவியில் தோணியில் கீழால் போகிறவனுக்குப் பாலம் என்பது ஒரு துடுப்பு வலிக்கிற நேரம். அடுத்த நாள் மாமாவிடம் சொன்னபோது, "அது சரி, தோணி வேணாம், நடந்து வா" என்றார். அன்றிலிருந்து நான் குறுக்கே போகப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் "தோணி" என்று ஒரு சத்தம் கதிரையில் இருந்து வரும்.

வைகாசியில் ஒரு நாள் திடீரென்று எல்லாம் பிழைத்தது. நாலு மாதமாகப் பழகின பலமெல்லாம் கூடிப்போய், தாளைத் தாண்டி ஒரு அடி, ஒன்றரை அடி. கை கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கை இல்லை, கச்சான். இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: நிலக்கடலைக்கும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம், இது காற்று. மேற்கே இருந்து வருகிற வரண்ட சுடுகாற்று, அதோடு மட்டக்களப்பில் உதடு வெடிக்கும், துவைத்த துணி ஒரு மணித்தியாலத்தில் காயும். மேசைத் துணியும் துணிதானே. மழைக்காலத்தில் வாவிக்கரை ஈரத்தைக் குடித்துச் சோம்பிக் கிடந்த துணி காய்ந்து, பந்து ஓடத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து ஆடத் தொடங்குமுன் வெள்ளையை மூன்று தரம் நீளவாக்கில் விட்டு அன்றைய ஓட்டத்தைப் பார்க்கிறேன். பந்துகளையும் கிழமைக்கு ஒரு தரம் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து உலர்த்துகிறோம், சோக் தூளும் கை எண்ணெயும் படிந்த பந்து மோதும்போது ஒட்டி இழுத்துக் கோணத்தைக் கெடுக்கிறது.

இப்போதைய பயிற்சி மூன்று பந்து. மூன்றை மேசையில் உருட்டிவிட்டு, கோட்டுப் பந்தை வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு, குனியுமுன் வாயால் சொல்ல வேண்டும்: முதல் எது, பிறகு எது, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை எங்கே நிற்கும். கடைசிப் பந்தில் இருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும், அதைப் போட எங்கே நிற்பது நல்லது, அங்கே கொண்டுபோய் விடக்கூடிய பந்து எது என்று. சொன்னபடி மூன்றும் விழுந்தால்தான் கணக்கு, தற்செயலாக நல்ல இடத்தில் நின்றால் மாமா கணக்கில் சேர்க்க மாட்டார். அவருக்கு லாபிர் பைத்தியம். 1973 இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற எங்கள் நாட்டு லாபிர். "பில்லியர்ட்ஸ்ல மூண்டே மூண்டு பந்து, மனே. அவர் அதை வச்சு உலகத்தையே வெண்டார். உனக்கு அதே மூண்டைப் போட ஏலாதா?" வைகாசியில் இருபதுக்கு மூன்று. ஆனியில் இருபதுக்கு எட்டு.

போன கிழமை புது வெள்ளை வந்தது. தராசுக்குக் கொண்டுபோனேன், 167. அன்றிரவு அதில் முதல் ஆட்டம் மாமாவுக்கும் எனக்கும். அவர் ஒன்றரை வருசமாகப் பாரமான வெள்ளையில் ஆடி அதற்கே கையைப் பழக்கினவர், நான் ஆறு மாதமாக இதே எடையுள்ள கோட்டுப் பந்தில் பழகினவன். இதை இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை. மூன்றாவது அடியில் அவர் ஒரு ஸ்க்ரூ அடித்தார், பழைய வெள்ளையில் ஒரு சாண் பின்னுக்கு வந்து நிற்கிற அடி. இது மேசை முழுக்கப் பின்னால் ஓடிவந்து அவர் பக்கத்து மூலைக் குழிக்குள் விழுந்தது. பிறகு ஒரு தரம் நிற்பாட்டப் பார்த்தார், அதுவும் பின்னுக்கு வந்தது. நான் ஐந்து பந்தை வரிசையாகப் போட்டு, கடைசியாகப் போட வேண்டிய கறுப்புக்கு இடப்பக்கம் கோணம் விட்டு நின்று, அதையும் போட்டேன். வெள்ளை எங்கே நிற்கும் என்று சொல்லிவிட்டு.

மாமா கியூவைச் சுவரில் சாத்திவிட்டு முதலாளியிடம் போய், பழைய வெள்ளையை எந்த லாச்சிக்குள் வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.